இருநூறாவது இடத்தில் ஓர் எழுத்து: நுண்குழல் புரதங்கள் எங்கே ஒன்று, எங்கே வேறு

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 10 அன்று, தேசியக் குடற்புழு நீக்க நாளில், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 400 மில்லிகிராம், அதற்குக் கீழே என்றால் அதில் பாதி. உள்ளே போன மருந்து உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் செல்களில் இருக்கும் பீட்டா-டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தால் குழல் கட்ட முடியாமல் போகிறது. புழுவின் குடல் செல்கள் சத்தை உறிஞ்ச முடியாமல் திணறுகின்றன. சில நாளில் புழு செத்து வெளியேறுகிறது.

இதே பீட்டா-டியூபுலின் மாத்திரையை விழுங்கிய பிள்ளையின் உடம்பிலும் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருக்கிறது. அதுவும் தூரத்து உறவெல்லாம் இல்லை. புழுவின் புரதத்தையும் மனிதப் புரதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அமினோ அமிலங்களை ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது அப்படியே பொருந்தும். அப்புறம் எப்படி மருந்து புழுவை மட்டும் தேடிப் பிடிக்கிறது?

இரண்டு உயிர்களின் புரதத்தை ஒப்பிடும்போது "எத்தனை சதவீதம் ஒற்றுமை?" என்று கேட்பதுதான் வழக்கம். டியூபுலினைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நம்மைப் பாதி வழியில் விட்டுவிடும். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைவிட எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்பதுதான் இங்கே பேசும். 450 இடங்களில் ஒரே ஓர் இடம் மாறியதால் ஒரு மருந்து வீணாகும். ஓர் உயிரின் புரதத்தை இன்னோர் உயிருக்குள் வைத்தால் குழலின் வடிவமே மாறும். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

நுண்குழல் என்பது செல்லுக்குள் ஓடும் உள்ளீடற்ற குழாய். வெளிவிட்டம் சுமார் 25 நானோமீட்டர். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் பிரித்து இழுக்கும் கதிர்கோல் இழைகள் இவற்றால் ஆனவை. நரம்புச் செல்லின் நீண்ட ஆக்ஸானுக்குள் சரக்கு போய்வரும் பாதையும் இவைதான். விந்தணுவின் வால், மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் சிலியா, குளத்துப் பாசியின் கசையிழை என்று அசையும் உறுப்புகள் பலவற்றின் நடுவிலும் ஒன்பது இரட்டைக் குழல்களும் மையத்தில் இரண்டு ஒற்றைக் குழல்களும் நிற்கின்றன.

குழலைக் கட்டும் அலகு ஆல்பா, பீட்டா என்ற இரண்டு டியூபுலின்கள் சேர்ந்த ஜோடி. ஒவ்வொன்றிலும் சுமார் 450 அமினோ அமிலங்கள். ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். ஜோடிகள் ஒன்றன் தலையில் ஒன்றாக நின்று நெட்டிழை ஆகின்றன. பெரும்பாலும் பதின்மூன்று நெட்டிழைகள் பக்கவாட்டில் ஒட்டிக் குழாயாக மூடிக்கொள்கின்றன. ஆல்பா, பீட்டா இரண்டுமே ஜிடிபி என்ற சிறு மூலக்கூறைப் பிடித்துவைத்திருக்கும். பீட்டாவிடம் இருப்பது மட்டும் குழலில் சேர்ந்த பிறகு உடைகிறது. அது உடைவதால்தான் குழல் ஒரு நிலையில் நிற்பதில்லை: வளரும், சட்டென்று சரியும், மறுபடி வளரும். 1984ல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் இதை விளக்கினார்கள். வளர்ச்சியும் சரிவும் மாறிமாறி நடக்க வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புரதத்தால் ஏன் இஷ்டத்துக்கு மாற முடியவில்லை என்பதற்கு அதுவே பெரிய காரணம்.

கண்வலிக்கிழங்கு காட்டிக்கொடுத்த புரதம்

நுண்குழல்கள் 1963 வாக்கில்தான் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிவாகக் கண்ணில் பட்டன. அதற்கு முன் திசுவைப் பதப்படுத்திய விதத்தில் அவை கரைந்துபோய்விடும். குளூட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் வேதிப்பொருள் வந்த பிறகு தாவரச் செல்லிலும் விலங்குச் செல்லிலும் ஒரே மாதிரிக் குழாய்கள் தெரிந்தன. ஆனால் அவை எந்தப் புரதத்தால் ஆனவை என்று யாருக்கும் தெரியாது.

அதைக் காட்டிக்கொடுத்தது கோல்ச்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நஞ்சு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விதையை ஏற்றுமதிக்கு விற்பது இதற்காகத்தான். கீல்வாதத்தில் ஒரு வகையான கவுட்டுக்கு இது மருந்து. கோல்ச்சிசின் செல் பிரிவதை நடுவழியில் நிறுத்தும் என்று முன்பே தெரியும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்க டிரிட்டியம் சேர்த்த கோல்ச்சிசினை எடுத்து, அது எந்தத் திசுவில் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடினார்கள். வேகமாகப் பிரியும் செல்களில்தான் அதிகம் ஒட்டும் என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். அங்கே ஒட்டியது, விந்தணு வாலிலும் ஒட்டியது. ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சி ஒட்டியது மூளைத் திசுவில், பெரியவர்களானபின் பெரும்பாலும் பிரியாத நரம்புச் செல்கள் நிறைந்த இடத்தில். 1967ல் வெளிவந்த முடிவு இது. அடுத்த ஆண்டு ஜப்பானின் ஹிடியோ மோரி இந்தப் புரதத்துக்கு டியூபுலின் என்று பெயர் வைத்தார்.

இந்தக் கண்டுபிடிப்பு ஒரு பழக்கத்தையும் விட்டுச்சென்றது. மூளையில் இவ்வளவு இருக்கிறதா, சரி, மாட்டு மூளையும் பன்றி மூளையும் வாங்கிப் பிரித்தெடுக்கலாம் என்று ஆய்வகங்கள் இறைச்சிக்கூடத்துக்குப் போயின. 1972ல் ரிச்சர்ட் வைசன்பர்க் எலி மூளைச் சாற்றில் கால்சியத்தை நீக்கிச் சூடாக்கினால் சோதனைக் குழாயிலேயே நுண்குழல் வளரும் என்று காட்டியபின் அந்தப் பழக்கம் உறுதியாகிவிட்டது. டியூபுலினைப் பற்றி நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் எண்களில் பெரும்பகுதி பாலூட்டியின் மூளையிலிருந்து வந்தவை. மூளை டியூபுலினோ பல வகை கலந்த கலவை. பல பத்தாண்டுகள் அந்தக் கலவையின் சராசரியைத்தான் "டியூபுலின்" என்று அளந்துகொண்டிருந்தோம்.

வேறு வழியும் இருக்கவில்லை. இன்சுலினைப் போல இதை ஈ.கோலை பாக்டீரியாவில் செய்துகொள்ள முடியாது. டியூபுலின் சரியாக மடிய சிசிடி என்ற துணைப் புரதக்கூடம் தேவை. அது பாக்டீரியாவில் கிடையாது. பூச்சிச் செல்களை வளர்த்து அவற்றில் ஒரே வகை மனித டியூபுலினைத் தனியாகச் செய்து எடுக்கும் முறைகள் 2013க்குப் பிறகுதான் கைகூடின.

ஏன் இவ்வளவு ஒற்றுமை

மனித பீட்டாவையும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டின் பீட்டாவையும் ஒப்பிட்டால் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஒன்று. இரண்டும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளாவது ஆகியிருக்கும். ஆனால் ஒரே செல்லில் ஜோடியாக நிற்கும் மனித ஆல்பாவும் மனித பீட்டாவும் தங்களுக்குள் நாற்பது சதவீதம்தான் ஒத்துப்போகின்றன. அதாவது ஆல்பாவும் பீட்டாவும் பிரிந்தது, மனிதனும் ஈஸ்டும் பிரிவதற்கு எவ்வளவோ காலம் முன்னால். கரு கொண்ட செல்கள் கிளைவிடத் தொடங்கியபோதே இந்த ஜோடி ஏற்பாடு தயாராக இருந்திருக்கிறது.

காகிதத்தில் உள்ள ஒற்றுமை நிஜத்திலும் வேலை செய்கிறது. கிளாமிடோமோனாஸ் பாசியின் கசையிழையைப் பிரித்து, அதன் உள்கூட்டை மூளை டியூபுலின் கரைசலில் போட்டால், பாசியின் குழல் முனையிலிருந்து மூளைப் புரதம் தொடர்ந்து வளரும். 1970களிலேயே செய்து பார்த்த சோதனை இது. ஒரு பாலூட்டியின் மூளையில் இருந்த புரதம் குளத்துப் பாசியின் குழலைத் தன் குழலாகவே எடுத்துக்கொண்டு நீட்டுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதே இல்லை.

ஏன் இது மாறவில்லை? ஒரு சாதாரண நொதிக்கு வேலை நடக்கும் இடம் ஒரு மூலையில் இருக்கும். மற்ற பக்கங்களில் அமினோ அமிலம் மாறினாலும் பெரிய பாதகமில்லை. டியூபுலினுக்கு அந்தச் சலுகை கிடையாது. மேலும் கீழும் அடுத்த அலகைப் பிடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் அடுத்த நெட்டிழையைப் பிடிக்க வேண்டும், நடுவில் ஜிடிபி இருக்க வேண்டும், வெளிப்பக்கம் கைனசின், டைனீன் போன்ற மோட்டார் புரதங்கள் நடக்க இடம் விட வேண்டும். போதாக்குறைக்கு, பிடி இறுகினால் குழல் சரியாது, தளர்ந்தால் வளராது. எந்தப் பக்கம் கை வைத்தாலும் ஏதோ ஒரு வேலை கெடும். 1998ல் ஈவா நோகாலெஸ், ஷாரன் வுல்ஃப், கென்னத் டவுனிங் மூவரும் டியூபுலின் ஜோடியின் அணு அமைப்பை வெளியிட்டபோது இந்த நெருக்கடி கண்கூடாகத் தெரிந்தது. நாற்பது சதவீதமே ஒத்துப்போகும் ஆல்பாவும் பீட்டாவும் வடிவத்தில் ஏறக்குறைய ஒரே அச்சாக இருந்தன.

அது வந்த அதே ஆய்விதழில் இன்னொரு அமைப்பும் வந்தது: பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது நடுவில் வளையம் போடும் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம். அமினோ அமில எழுத்துகளின் வரிசையில் டியூபுலினோடு இருபது சதவீதம்கூடப் பொருந்தாது. மடிப்போ டியூபுலின் மடிப்பு. ஜிடிபியைப் பிடிக்கும் இடத்தில் கிளைசின் நிறைந்த ஒரு சிறு துண்டு மட்டும் இரண்டிலும் பெரிதாக மாறாமல் நிற்கிறது. ஆனால் எஃப்டிஎஸ்-இசட் குழல் கட்டுவதில்லை, இழையோடு நின்றுவிடுகிறது.

இடையில் இருக்கும் உயிர்களும் உண்டு. புரோஸ்தெகோபாக்டர் என்ற பாக்டீரியாவில் நம் டியூபுலினுக்கு மிக நெருங்கிய ஒரு ஜோடி இருப்பது 2002ல் தெரியவந்தது. அது பதின்மூன்றுக்குப் பதில் நான்கைந்து நெட்டிழைகளால் ஆன குட்டிக் குழல் கட்டுகிறது. மடிய சிசிடியின் துணையும் அதற்குத் தேவையில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலிருந்து மரபணுத் தொகுதி எடுக்கப்பட்ட ஓடின் ஆர்க்கியா என்ற, பாக்டீரியா போன்ற நுண்ணுயிரிலும் ஒரு டியூபுலின் இருக்கிறது. 2022ல் அதை ஆய்வகத்தில் செய்து பார்த்தபோது சூட்டில் சிறு குழல்கள் கட்டியது, ஆனால் அலகுகள் அடுக்கப்பட்ட விதம் வேறு. நம் முன்னோர் செல்லுக்கு நெருங்கிய உறவு என்று கருதப்படும் கூட்டம் அது என்பதால் இதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

ஆல்பா, பீட்டா இரண்டோடு குடும்பம் முடிவதில்லை. 1989ல் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையில் பீட்டாவின் பழுது ஒன்றைச் சரிக்கட்டும் மரபணுவைத் தேடியபோது ஓக்லி தம்பதியர் காமா-டியூபுலினைக் கண்டார்கள். அது குழலின் உடம்பில் சேர்வதில்லை. வளையமாக நின்று புதுக் குழல் முளைக்க அடி போட்டுத் தருகிறது. குழலில் பதின்மூன்று நெட்டிழை என்ற கணக்கை வைப்பதும் பெரும்பாலும் அந்த வளையம்தான். டெல்டா, எப்சிலான் என்று இன்னும் இரண்டு உண்டு. செல்லுக்குள் சிலியாவுக்கும் கதிர்கோலுக்கும் அடியாக நிற்கும் சென்ட்ரியோலின் மும்மைக் குழல்களுக்கு அவை வேண்டும். பழ ஈ, ஈஸ்ட், பூக்கும் தாவரங்கள் ஆகியவை அவற்றைத் தொலைத்துவிட்டே வாழ்கின்றன.

ஒரே உடம்புக்குள் பல வகை

ஈஸ்டுக்கு ஒரே ஒரு பீட்டா மரபணு போதும். மனிதருக்கு ஆல்பாவிலும் பீட்டாவிலும் தலா ஒன்பது வாக்கில் இருக்கின்றன. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் ஆல்பா ஆறு, பீட்டா ஒன்பது. இத்தனை எதற்கு? ஒவ்வொரு வகைக்கும் தனி வேலை இருக்கிறதா, அல்லது எங்கே எவ்வளவு வேண்டும் என்று கட்டுப்படுத்த வசதியாகப் பல நகல்களா? 1970களில் தொடங்கிய இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் சரக்கு இருக்கிறது. கிளாமிடோமோனாஸில் இரண்டு ஆல்பா மரபணு, இரண்டு பீட்டா மரபணு. ஆனால் இரண்டு ஆல்பாவும் ஒரே புரதத்தைத் தருகின்றன, பீட்டாவும் அப்படியே. அதை வைத்துக்கொண்டே அந்தப் பாசி கதிர்கோல், கசையிழை எல்லாம் கட்டிவிடுகிறது. இதைப் பார்த்தால் "வகைகள் அவ்வளவு முக்கியமில்லை" என்று தோன்றும்.

ஆனால் சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவைப் பாருங்கள். அதன் உடம்பில் மெல்லிய தொடுதலை உணர ஆறு நரம்புச் செல்கள் இருக்கின்றன. மற்றச் செல்களின் நுண்குழல்களில் பதினொரு நெட்டிழைகள். இந்த ஆறு செல்களில் மட்டும் பதினைந்து. 1982ல் மார்ட்டின் சால்ஃபியும் ஜே. நிக்கல் தாம்சனும் இதை விவரித்தார்கள். அந்தத் தடித்த குழலைக் கட்டுவது மெக்-7 என்ற பீட்டாவும் மெக்-12 என்ற ஆல்பாவும். சோதனை மிக எளிது: ஒரு குச்சியின் நுனியில் கண் இமை முடி ஒன்றை ஒட்டி, புழுவின் தலைப்பக்கம் லேசாகத் தடவுவார்கள். சாதாரணப் புழு சட்டென்று பின்வாங்கும். மெக்-7 பழுதான புழு அசையாமல் கிடக்கும். அதற்கு மற்ற எல்லாம் நன்றாக நடக்கிறது: ஊர்கிறது, தின்கிறது, முட்டையிடுகிறது. உள்ளே பார்த்தால் தொடு செல்லில் பதினைந்து இழைக் குழல்கள் இல்லை, பதினொன்றாகிவிட்டன.

இன்னும் துணிச்சலான சோதனை பழ ஈயில் நடந்தது. எலிசபெத் ராஃபின் குழு புகையிலை மொட்டுப்புழு என்ற அந்துப்பூச்சியின் விந்தகத்தில் வரும் பீட்டா-2 மரபணுவை எடுத்து பழ ஈயின் விந்தகத்தில் வைத்தது. ஈயிலும் அதே பீட்டா-2 உண்டு; இரண்டும் நெருங்கிய சகோதரங்கள். அந்துப்பூச்சியில் விந்தணு உருவாகும்போது ஒரு பகுதிக் குழல்களுக்குப் பதினாறு நெட்டிழை, ஈயில் அதே இடத்துக் குழல்களுக்குப் பதின்மூன்று. அந்துப்பூச்சிப் புரதம் கலந்த ஈயில் அந்த இடத்தில் பதினாறு இழைக் குழல்கள் தோன்றின. 1997ல் வந்த முடிவு. ஈயின் செல், ஈயின் காமா வளையம், ஈயின் துணைப் புரதங்கள், எல்லாம் ஈயுடையவை. வந்து சேர்ந்த விருந்தாளி ஒரு பீட்டா மட்டும். ஆனால் எத்தனை இழை என்று முடிவு செய்தது அந்த விருந்தாளி. வகைகளுக்கு வேலை இல்லை என்று சொல்பவர்கள் இந்தச் சோதனைக்கு விடை சொல்லியாக வேண்டும். வகையும் முக்கியம்தான், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு இல்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மனித உடம்பில் இந்த வேறுபாடு நோயாக வெளிப்படும்போதுதான் நமக்கு உறைக்கிறது. பீட்டா-1 ரத்தத் தட்டணுக்களுக்கானது. தட்டணுவின் ஓரத்தில் வளையமாகச் சுற்றியிருக்கும் நுண்குழல் அதனால் ஆனது. அதில் பழுது வந்தால் தட்டணுக்கள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். பீட்டா-3 பெரும்பாலும் நரம்புக்கானது. பழுதானால் கண்ணை அசைக்கும் நரம்புகள் சரியாகப் போய்ச் சேராமல் பிறவியிலேயே கண் அசைவு முடங்கும். ஆல்பா-1ஏ பழுதானால் கருவில் நரம்புச் செல்கள் தங்கள் இடத்துக்கு நகர முடியாமல் மூளையின் மடிப்புகள் உருவாகாமல் போகலாம்.

இவற்றில் நம் சமூகம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது பீட்டா-8. இது குரங்கினத்திலும் மனிதரிலும் மட்டும் இருக்கும் வகை. முக்கியமாகக் கருமுட்டையில் வேலை செய்கிறது. 2016ல் சீன ஆய்வாளர்கள் குழந்தையில்லாத பெண்கள் இருந்த 24 குடும்பங்களை ஆராய்ந்து, ஏழு குடும்பங்களில் பீட்டா-8 மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். அந்தப் பெண்களின் கருமுட்டை முதல் பிரிவிலேயே நின்றுவிடுகிறது, கதிர்கோல் சரியாக அமைவதில்லை. கருமுட்டை எடுத்துச் செய்யும் சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் முதிர்ந்த முட்டை கிடைக்காது. சில குடும்பங்களில் அந்த மாற்றம் தந்தையிடமிருந்து மகளுக்கு வந்திருந்தது. தந்தைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. குழந்தை இல்லாவிட்டால் பெண்ணைக் குறை சொல்லும் வீடுகளில் இந்த ஒரு தகவலாவது போய்ச் சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்த வகைகள் பெரிதும் மாறுபடுவது வால் பகுதியில். புரதத்தின் கடைசிப் பதினைந்து இருபது அமினோ அமிலங்கள் மடியாமல் குழலின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. குழலைக் கட்ட அவை அவ்வளவு தேவையில்லை என்பதால் அங்கே மாற இடம் கிடைத்திருக்கிறது. அதோடு செல் புரதத்தைச் செய்து முடித்த பிறகும் அந்த வாலில் கை வைக்கிறது: குளுடாமேட் சங்கிலி ஒட்டுகிறது, ஆல்பாவின் கடைசி அமினோ அமிலமான டைரோசினை வெட்டுகிறது, மறுபடி ஒட்டுகிறது. டைரோசின் ஒட்டும் இந்த விளையாட்டை 1970களில் முதலில் கவனித்தது அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் ஹெக்டர் பாராவின் குழு. வெட்டும் நொதி எது என்று தெரிய 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாசோஹிபின் என்று தெரிந்தது. மோட்டார் புரதங்கள் எந்தக் குழலில் ஏறுவது என்பதற்கு இந்தக் குறிகளையும் பார்க்கின்றன. செயலிழந்து வரும் மனித இதயத்தின் தசைச் செல்களில் டைரோசின் வெட்டப்பட்ட குழல்கள் மிகுந்து செல்லை விறைப்பாக்குவதும், அதைக் குறைத்தால் செல் நன்றாகச் சுருங்கி விரிவதும் 2018ல் காட்டப்பட்டது. மரபணுவை மட்டும் வரிசைப்படுத்திப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

வயலிலும் ஆட்டுப்பட்டியிலும்

உயிர்களுக்கு இடையிலான வேறுபாடு நம் அன்றாட வாழ்வில் அதிகம் புகுந்திருப்பது மருந்துகள் வழியாக. நிலக்கடலைக்கும் சின்ன வெங்காயத்துக்கும் களை முளைக்கும் முன் தெளிக்கும் பெண்டிமெத்தலின் தாவர டியூபுலினில் ஒட்டும். விலங்கின் டியூபுலினில் அப்படி ஒட்டாது. கோல்ச்சிசின் இதற்கு நேர் எதிர். விலங்கு டியூபுலினை மிகச் சிறு அளவில் முடக்கும், தாவரத்தில் அதைப் போலப் பல மடங்கு வேண்டும். 1937 முதல் பயிர்களின் குரோமோசோமை இரட்டிப்பாக்க கோல்ச்சிசினைப் பயன்படுத்துபவர்கள் அடர்த்தியான கரைசலை எடுப்பது அதனால்தான்.

பெண்டிமெத்தலின் வகைக் களைக்கொல்லிகளுக்கு முதலில் பழகிப்போன களைகளில் ஒன்று கேழ்வரகின் நெருங்கிய காட்டு உறவான ஒரு புல். அமெரிக்காவின் தென் கரோலினா பருத்தி வயல்களில் 1970களில் அது சாக மறுத்தது. 1998ல் காரணம் தெரிந்தது: ஆல்பா-டியூபுலினின் 239ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஐசோலூசின். மற்றபடி அதே புல், அதே புரதம். டாக்ஸோபிளாஸ்மா, மலேரியாக் கிருமி போன்ற ஒட்டுண்ணிகளின் டியூபுலினும் தாவரத்தைப் போலவே இந்த வகை மருந்துக்கு முடங்கும் என்பது ஆச்சரியமான உபரிச் செய்தி. அந்த டாக்ஸோபிளாஸ்மா இன்னொன்றும் செய்கிறது: அதே டியூபுலினைக் கொண்டு தலைமுனையில் மூடிய குழலுக்குப் பதில் ஒன்பது நெட்டிழைகள் கொண்ட திறந்த, வளைந்த பட்டையைக் கட்டுகிறது. நம் செல்லில் அப்படி ஓர் அமைப்பே கிடையாது.

குளிரும் ஒரு சோதனை. பாலூட்டியின் நுண்குழல்களைப் பனிக்கட்டியில் வைத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். அண்டார்டிகா கடல் மீன்களோ மைனஸ் 1.8 டிகிரி நீரில் வாழ்கின்றன. வில்லியம் டெட்ரிக் அந்த மீன்களின் டியூபுலினை எடுத்துப் பார்த்தபோது அது அந்தக் குளிரிலும் குழல் கட்டியது. சில இடங்களில் மாறிய அமினோ அமிலங்களே இதற்குப் பெரிதும் காரணம். ஈஸ்டின் கதையும் இப்படித்தான்: புற்றுநோய் மருந்தான டாக்ஸால் ஈஸ்ட் டியூபுலினில் ஒட்டாது. 2003ல் ஈஸ்டின் பீட்டாவில் ஐந்தே ஐந்து அமினோ அமிலங்களை மூளைப் புரதத்தில் உள்ளபடி மாற்றினார்கள். டாக்ஸால் ஒட்டிக்கொண்டது.

சரி, அல்பெண்டசோலுக்கு வருவோம். அது உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில் இருப்பது பீட்டாவின் 200ஆம் இடம். மருந்துக்குச் சாகும் புழுவில் அங்கே ஃபீனைல்அலனைன். பாலூட்டிகளில் டைரோசின். இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் ஆக்சிஜன் அணுதான், ஆனால் மருந்தின் பிடி தளர அதுவே பெரிதும் போதும். ஆடு மாடுகளின் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு உலகெங்கும், இந்தியாவிலும், இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. பழகிய புழுக்களின் மரபணுவில் பெரும்பாலும் காண்பது அதே 200ஆம் இடத்தில் டிஎன்ஏவின் மூன்றெழுத்துச் சொல்லான டிடிசி என்பது டிஏசி ஆன மாற்றம், நடு எழுத்து மட்டும். ஃபீனைல்அலனைன் போய் டைரோசின் வந்துவிடுகிறது. மருந்தின் அடிக்குத் தப்ப அந்தப் புழு கண்ட வழி, அந்த ஓரிடத்தில் ஆட்டின் புரதத்தைப் போல ஆவது. 167, 198 ஆகிய இடங்களிலும் இப்படித் தப்பும் மாற்றங்கள் உண்டு. விதை நேர்த்திக்குப் போடும் கார்பன்டசிமும் இதே வகை மருந்து. பல பூஞ்சைகள் அதற்குத் தப்பியதும் 198, 200 இடங்களின் வழியாகத்தான்.

எலிகன்ஸ் புழு இங்கே மறுபடி கைகொடுத்தது. அதற்கு ஆறு பீட்டா மரபணுக்கள். அவற்றில் பென்-1 என்ற ஒன்றை நீக்கிவிட்டால் புழு நன்றாகவே வாழும். ஆனால் மருந்து அதை ஒன்றும் செய்யாது. பென்-1 இல்லாத புழுவுக்குள் ஹீமாங்கஸின் பீட்டாவை வைத்தால் மருந்துக்கு மறுபடி மடியும். 200ஆம் இடத்தில் டைரோசின் உள்ள பீட்டாவை வைத்தால் மடியாது. ஓரிடம்தான் காரணம் என்று 1995ல் இப்படித்தான் நிரூபணமானது. இதற்கு மனித நலத்திலும் விளைவு உண்டு. பள்ளிகளில் ஆண்டுதோறும் ஒரே மருந்தைக் கொடுக்கும்போது பிள்ளைகளின் புழுக்களில் இந்த 167, 198, 200 இடங்களைத் தொடர்ந்து கண்காணிப்பது அவசியம். ஆட்டுப்பட்டியில் நடந்தது அங்கன்வாடியில் நடக்காது என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது.

புற்றுநோய் சிகிச்சையில் இந்த வசதியெல்லாம் கிடையாது. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துச் செம்மண்ணில் விளையும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதன்மை மருந்துகளில் ஒன்று. அது பிடிப்பதும் டியூபுலினை. புழுவுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு 200ஆம் இடம் இருந்தது. புற்றுச் செல்லுக்கும் அதே பிள்ளையின் நரம்புச் செல்லுக்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை. இரண்டும் ஒரே மரபணுத் தொகுதியிலிருந்து கட்டியவை. புற்றுச் செல் வேகமாகப் பிரிகிறது என்பதால் முதலில் விழுகிறது, ஆனால் நீண்ட ஆக்ஸான்களில் சரக்குப் போக்குவரத்தும் தடைபடுகிறது. விரல் நுனியில் மரத்துப்போதல், சட்டைப் பொத்தான் போட முடியாமை, நடக்கும்போது பாதம் தொங்குதல், மலச்சிக்கல் என்று பெற்றோர் கவனிக்கும் அறிகுறிகள் இதனால் வருபவை. இவற்றை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், பிள்ளை சோர்வில் அப்படி இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. குழந்தை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல் பெரும்பாலான சிகிச்சைத் திட்டங்கள் வின்கிரிஸ்டினை நிறுத்துவது இந்த நரம்புச் சேதத்துக்குப் பயந்துதான்.